மரண அறிவித்தலும் உயிரோடிருப்போரும்

இலக்கிய விமர்சனம் என்றதும் கவிதை, சிறுகதை, நாவல், நாடகம் என்பவற்றை மட்டுமே மனத்திற் கொள்ளும் வழக்கம் நம்மிடையே வேரூன்றிவிட்டது. மக்கள் நாள்தோறும் எழுதுகின்ற, நாள்தோறும் படிக்கின்ற உரைநடை வடிவங்களை நம் விமர்சகர்கள் ஏறெடுத்தும் பார்ப்பதில்லை. யாழ்ப்பாணத்துக் குடும்பமொன்று தலைமுறை தலைமுறையாக ஒரு கவிதையேனும் எழுதாமல் இருந்திருக்கலாம். ஒரு மரண அறிவித்தலேனும் எழுதாமல் இருந்திராது. நாவலைக் கையாலும் தொடாத முதியவர்கூடக் காலையிற் பத்திரிகையை விரித்ததும் அந்தப் பக்கத்தைத் தவறவிடுவதில்லை. இத்துணைச் செல்வாக்குள்ள ஒரு வடிவத்தை விமர்சனக் கண்கொண்டு நோக்குவது இலக்கியத்தின் எல்லையை மீறுவதாகாது. அவ்வடிவம் பத்திரிகைத் தாளிலிருந்து இணையத்துக்குக் குடிபெயர்ந்துவிட்ட இந்நாளில், அது யாரைப் பற்றிப் பேசுகின்றது, யாருக்குப் பேசுகின்றது, அப்பேச்சினால் யாருக்கு ஆபத்து என்ற கேள்விகள் அவசரமானவையும் ஆகிவிட்டன.

முதலில் வடிவத்தை நோக்குவோம். இன்ன ஊரைப் பிறப்பிடமாகவும் இன்ன ஊரை வதிவிடமாகவும் கொண்ட இன்னார் இன்ன நாளில் இறைபதம் எய்தினார் என்று அது தொடங்கும். 'அன்னார்' என்ற சொல்லோடு இரண்டாம் வாக்கியம் பிறக்கும். காலஞ்சென்ற இன்னார் தம்பதிகளின் பாசமிகு மகளும், இன்னாரின் அன்பு மனைவியும், இன்னார் இன்னாரின் அன்புத் தாயாரும், இன்னாரின் மாமியாரும், மைத்துனியும், பேர்த்தியும், பூட்டியும் ஆவார் என்று அந்த ஒற்றை வாக்கியம் நாற்பது ஐம்பது பெயர்களைச் சுமந்துகொண்டு செல்லும். ஒவ்வொரு பெயரின் அருகிலும் அடைப்புக்குறிக்குள் கனடா, இலண்டன், சுவிஸ், அவுஸ்திரேலியா என நாடுகள் வீற்றிருக்கும். 'உற்றார், உறவினர், நண்பர்கள் ஏற்றுக்கொள்ளவும்' என்ற வேண்டுகோளின் பின் வீட்டு விலாசமும், மகன் முதல் மருமகன் வரை நாலைந்து பேரின் தொலைபேசி இலக்கங்களும் வரும். இணையத்தில் இவற்றோடு பிறந்த தேதியும் இறந்த தேதியும் முழுமையாகப் பொறிக்கப்பட்ட படமொன்றும் சேர்ந்துகொள்ளும்.

இவ்வடிவம் வானத்திலிருந்து விழுந்ததன்று. சாவுச் செய்தி வாய்மொழியாக ஊர் ஊராகச் சென்ற காலமொன்று இருந்தது. பறை முழக்கும் கடமையும் சாவீட்டின் பிற ஊழியங்களும் குடிமை முறையின் பெயரால் ஒடுக்கப்பட்ட மக்களின் தலையிற் சுமத்தப்பட்டிருந்த காலம் அது. பின்னர் பத்திரிகை வந்தது, வானொலி வந்தது. இலங்கை வானொலியின் மரண அறிவித்தலைக் கேட்பதற்காக வேலையை நிறுத்திவிட்டுச் செவிசாய்த்த வீடுகள் தீவெங்கும் இருந்தன. வானொலி அறிவித்தல் காற்றோடு போயிற்று. பத்திரிகை அறிவித்தல் மறுநாட் கடையிற் சரை சுற்றப் போயிற்று. மறக்கப்படுவது அக்காலத்து அறிவித்தலின் இயல்பாகவே இருந்தது என்பதை ஈண்டு மனங்கொள்ளல் வேண்டும்.

பெயர்ப்பட்டியல் இவ்வளவு நீண்டதற்கும் வரலாற்றுக் காரணம் உண்டு. 1983 யூலைக்குப் பின் நம் மக்கள் உலகெங்கும் சிதறினர். 1995 ஒக்டோபர் இறுதியில் வலிகாமத்து மக்கள் ஓரிரவில் ஊரைவிட்டு வெளியேறினர். யார் எங்கே இருக்கின்றார், யார் உயிரோடு இருக்கின்றார் என்று அறியும் வழியின்றிக் குடும்பங்கள் தவித்த அவ்வாண்டுகளில், மரண அறிவித்தல் சிதறிய சுற்றத்தைத் தாளிலாவது ஒன்றுகூட்டி வைத்தது. செத்த வீட்டுக்கு வர இயலாதவரின் பெயராவது அங்கே வந்து நின்றது. தொலைபேசி இலக்கம் அறியாத உறவினர் அதனைப் பார்த்தே அழைத்தனர். இதனை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. துயருற்ற மக்கள் தமக்கென உருவாக்கிக்கொண்ட ஒரு சமூகக் கருவி என்ற முறையில் அது மதிக்கத்தக்கதே.

எனினும், தேவையிலிருந்து பிறந்த பட்டியலிற் காலப்போக்கிற் பெருமையும் வந்து குடியேறிற்று. நாடுகளின் பெயர்கள் இன்று விலாசத்தைக் குறிப்பதை விட அந்தஸ்தையே மிகுதியும் குறிக்கின்றன. பெயரோடு வைத்தியர், பொறியியலாளர், கணக்காளர் என்ற தொழிற்பட்டங்களும் இணைகின்றன. உள்ளூரிற் கூலிவேலை செய்யும் மருமகனின் தொழிலை எந்த அறிவித்தலிலும் நாம் கண்டதில்லை. மரண அறிவித்தல் குடும்பத்தின் ஐந்தொகைக் கணக்காக மாறிவிட்டது. மரண அறிவித்தல்களையே வாணிகமாகக் கொண்ட இணையத்தளங்கள் தோன்றியபின் இக்கணக்கு விலைபோகும் சரக்காகவும் ஆயிற்று. பட்டியல் நீள நீளப் பார்ப்போர் தொகை பெருகும்; பார்ப்போர் தொகை பெருகப் பெருக விளம்பரம் பெருகும். தாளைப் போல அது மறுநாட் கிழிந்து போவதுமில்லை. பத்தாண்டுகளின் பின்னும் ஒரு பெயரைத் தட்டியதும் தேடுபொறி அதனைக் கொண்டுவந்து முன்னே வைக்கின்றது.

உறவினனின் கண்ணால் அல்லாமல், ஏமாற்றுக்காரனின் கண்ணால் இந்த அறிவித்தலை ஒருமுறை படித்துப் பார்த்தல் வேண்டும்.

தாயின் கன்னிப்பெயர் என்ன, பிறந்த ஊர் எது என்ற கேள்விகளை வங்கிகளும் மின்னஞ்சற் சேவைகளும் ஆளை அடையாளங் காண்பதற்காக நெடுங்காலம் கேட்டு வந்துள்ளன. தாய் இறந்ததை அறிவிக்கும் ஒரே வாக்கியம் அவளுடைய தந்தையின் பெயரையும் ஊரையும் தந்து, பிள்ளைகள் அத்தனை பேருக்கும் உரிய விடையை ஊருக்கு ஒப்புவித்துவிடுகின்றது. பிறந்த தேதியை எடுத்துக்கொள்வோம். நமது தேசிய அடையாள அட்டையின் இலக்கம் பிறந்த நாளை உள்ளடக்கியது. பழைய அட்டையின் 9 இலக்கங்களில் முதலிரண்டும் பிறந்த ஆண்டையும், அடுத்த மூன்றும் அது அவ்வாண்டின் எத்தனையாம் நாள் என்பதையும் காட்டும். பெண்ணாயின் நாளோடு 500 கூட்டப்பட்டிருக்கும். 2016 முதல் வழங்கப்படும் புதிய அட்டையின் 12 இலக்கங்களில் முதல் ஏழும் அவ்வாறே ஆண்டையும் நாளையும் குறிக்கும். ஆகவே ஒருவரின் பிறந்த தேதியை முழுமையாக வெளியிடுவது அவரது அடையாள அட்டை இலக்கத்திற் பாதிக்கு மேல் வெளியிடுவதாகும். இறந்தவருக்கு இதனால் என்ன என்று கேட்கலாம். உயிரோடிருப்போரின் பிறந்தநாள் வாழ்த்துகளையும் இதே முறையிற்றானே முகநூலிற் படத்தோடு வெளியிடுகின்றோம்!

இவை யாவற்றினும் கொடியது மற்றொன்று. கணவன் இறந்தான், பிள்ளைகள் மூவரும் வெளிநாட்டில் என்று அச்சிடும்போது, இந்த விலாசத்தில் இனி ஒரு முதிய பெண் தனியே வாழப்போகின்றாள் என்பதையும் நாமே அச்சிடுகின்றோம். அவளுடைய மகனின் பெயர், பேரப்பிள்ளையின் பெயர், அவர்கள் வாழும் நாடு, அவளை அழைக்க வேண்டிய இலக்கம் ஆகிய அனைத்தும் அந்தப் பக்கத்தில் உள. 'அம்மம்மா, நான் கனடாவிலயிருந்து கதைக்கிறன், ஒரு அவசரம்' என்று அந்நியன் ஒருவன் அழைப்பதற்கு வேறு ஆராய்ச்சி தேவையில்லை. குரலையே போலி செய்யும் கருவிகள் மலிந்துவிட்ட காலம் இது. துயரத்தின் பெயரால் நாம் எழுதிய வாக்கியம் துயருற்றவளையே காட்டிக்கொடுக்கின்றது.

'நாங்கள் என்ன களவோ எடுத்தனாங்கள், ஒளிக்கிறதுக்கு?' என்று நம்மவர் கேட்பதுண்டு. ஈழத்தமிழன் கேட்கக்கூடாத கேள்வி ஒன்று உண்டாயின் அது இதுவே. 1983 யூலையிற் கொழும்பிலே தமிழர் வீடுகளைத் தேடிவந்த கும்பல்களின் கைகளில் வாக்காளர் பட்டியல்கள் இருந்தன என்பது பலராலும் பதிவு செய்யப்பட்ட உண்மை. அப்பட்டியலிற் பெயர் பதிந்தவர்கள் எந்தக் குற்றமும் செய்தவரல்லர், வாக்களிக்க விரும்பியவர்கள். ஒல்லாந்து நாட்டிலும் இவ்வாறே நிகழ்ந்தது. ஒழுங்காகப் பேணப்பட்ட குடிசனப் பதிவேடு, நாட்டைக் கைப்பற்றிய நாசிகளுக்கு யூதரைத் தேடிப்பிடிக்கும் கருவியாயிற்று. 1943 மார்ச் 27ஆம் நாள் இரவு அம்ஸ்ரடாம் நகரத்துப் பதிவகத்துக்குத் தீவைத்த எதிர்ப்பியக்கக் குழுவை முன்னின்று நடத்தியோரில் வில்லெம் அரொன்டேயுஸ் என்ற ஓவியரும் எழுத்தாளரும் ஒருவர். அவ்வாண்டு யூலையில் அவர் சுட்டுக் கொல்லப்பட்டார். பட்டியலை எழுதிய கை நல்ல கையாகவே இருக்கலாம். அது நாளை எந்தக் கைக்குப் போகும் என்பதை எழுதியவர் தீர்மானிப்பதில்லை. ஒருவரிடம் ஒளிக்க ஏதுமில்லாதிருக்கலாம். காக்க வேண்டியது எவரிடமும் உண்டு.

இங்கே ஒரு முரண்பாடு நம் முன் எழுகின்றது. கிடுகு வேலிக்குப் பெயர்பெற்ற சமுதாயம் நமது சமுதாயம். கிணற்றடியை மறைத்து வேலி, படலைக்கு மேலே வேலி, ஓரடி எல்லைக்காக ஆண்டுக்கணக்கில் நீதிமன்றம் ஏறிய வேலி. இத்துணை மறைப்பை விரும்பிய மக்கள் தம் குடும்ப விபரம் முழுவதையும் உலகச் சந்தியிற் கட்டித் தொங்கவிடுவது எவ்வாறு? விடை கடினமானதன்று. அந்த வேலி தனிமனிதரைக் காக்க எழுந்ததன்று. அது காணியையும் சாதியையும் குடும்ப மானத்தையும் காத்தது. வேலிக்கு உள்ளே இருந்த பெண்ணுக்கோ பிள்ளைக்கோ தன்னைப் பற்றிய செய்தியைத் தான் வைத்துக்கொள்ளும் உரிமை என்றும் இருந்ததில்லை. குடும்ப மானம் மறைக்கச் சொன்னபோது வேலி அடைத்தோம். குடும்பப் பெருமை காட்டச் சொல்லும்போது வேலியைப் பிடுங்கி எறிகின்றோம். இரண்டு வேளையிலும் சம்பந்தப்பட்ட ஆளை எவரும் கேட்கவில்லை.

பூப்புனித நீராட்டு விழாவே இதற்குத் தக்க சான்று. பதினொரு பன்னிரண்டு வயதுச் சிறுமியின் உடலில் நிகழ்ந்த மாற்றத்தை அவளது முழுப்பெயரோடும் ஒப்பனைப் படங்களோடும் காணொளியாக்கி இணையத்தில் ஏற்றுகின்றோம். படப்பிடிப்பாளர் அதனைத் தம் தொழிலுக்கு விளம்பரமாகவும் பயன்படுத்துகின்றார். மறுவாரம் வகுப்புக்கு வரும் அப்பிள்ளையை ஆண் மாணவர்கள் என்ன சொல்லிக் கேலி செய்கின்றார்கள் என்பதை ஆசிரியத் தொழிலிலுள்ள நாம் அறிவோம். வளர்ந்து பெரியவளாகும்போது அக்காணொளியை அழிக்க விரும்பினால் அவள் யாரிடம் போவாள்? பதிவேற்றியவர் ஒருவர், பிரதியெடுத்தவர் பலர். 'எல்லாரும்தானே செய்யினம்' என்ற விடை ஒரு விடையாகாது.

வரலாற்றை அழிக்கச் சொல்லுகின்றோம் என்று எவரும் மயங்கற்க. 1981 யூன் முதலாந் திகதிக்கு முந்திய இரவில் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்ததைக் கண்ட மண் இது. ஆவணத்தின் அருமையை இம்மண்ணுக்கு எவரும் புதிதாகக் கற்பிக்க வேண்டியதில்லை. முப்பத்தோராம் நாளில் வெளியிடப்படும் கல்வெட்டு என்னும் நினைவு நூல்கள் வம்சாவளிகளையும் ஊர் வரலாற்றையும் தாங்கி நிற்கின்றன. 2005 முதல் இயங்கும் நூலகம் என்னும் இணைய நூலகம் ஈழத்து நூல்களோடும் இதழ்களோடும் நினைவு மலர்களையும் சேகரித்து வைத்திருப்பது போற்றத்தக்க பணி. வருங்கால ஆராய்ச்சியாளருக்கு அவை பொன். ஆனால் ஆராய்ச்சியாளருக்கு வேண்டியது இறந்தவரின் வாழ்வு. உயிரோடிருக்கும் பேரனின் தொலைபேசி இலக்கம் அவருக்கு வேண்டியதன்று. இறந்தோரின் வரலாறும் வாழ்வோரின் விலாசமும் ஒரே தாளில் ஒட்டிக்கிடப்பது மரபினால் வந்த பழக்கமே. அவற்றைப் பிரித்தெடுப்பதால் வரலாற்றுக்கு இழப்பில்லை.

தனிமனிதத் தரவுகளின் பாதுகாப்புப் பற்றி வழங்கப்படும் அறிவுரைகள் பலவும் இந்த உண்மையைக் காணத் தவறிவிடுகின்றன. கடவுச்சொல்லைக் கடினமாக்கு, எவருக்கும் சொல்லாதே என்று அவை ஒவ்வொருவரையும் தனித்தனியே எச்சரிக்கின்றன. அவை சரியான அறிவுரைகளே. ஆயின் நம் சமுதாயத்தில் ஒருவரின் விபரம் அவரிடம் மட்டும் இருப்பதில்லை; மாமியிடமும் மைத்துனரிடமும் ஊர்ச்சங்கத்திடமும் இருக்கின்றது. ஒருவர் தம் அறைக்கதவைப் பூட்ட, மச்சான் வீட்டுப் படலையைத் திறந்துவைத்தால் யாது பயன்? பாதுகாப்பு இங்கே கூட்டு முயற்சியாகவே இருத்தல் இயலும்.

அத்தகைய முயற்சிக்குப் பெரும் பொருளோ கல்வியோ வேண்டியதில்லை. மரண அறிவித்தலிற் பிறந்த ஆண்டை மட்டும் இடலாம், தேதி வேண்டியதில்லை. சிறுபிள்ளைகளின் பெயர்களை 'பேரப்பிள்ளைகள்' என்ற ஒரு சொல்லில் அடக்கலாம். தொடர்புக்கு ஓர் இலக்கம் போதும். அதனையும் அந்தியேட்டி முடிந்ததும் நீக்குமாறு கேட்கலாம். பெயர் இடப்படுவோரிடம் முன்கூட்டியே ஒரு வார்த்தை கேட்பது மரியாதை. தாயின் பெயரைக் கேட்கும் பாதுகாப்புக் கேள்விக்கு உண்மை விடை எழுதவேண்டும் என்ற கட்டாயம் எங்குமில்லாவிடின், தமக்கு மட்டுமே தெரிந்த வேறொரு சொல்லை எழுதி வைக்கலாம். வட்ஸ்அப்பில் இரண்டாம் பூட்டாக ஆறிலக்க எண் ஒன்றை அமைத்துக்கொள்ள இரண்டு நிமிடம் போதும். கைத்தொலைபேசிக்குக் குறுஞ்செய்தியாக வரும் குறியீட்டெண்ணை, கேட்பவர் பெற்ற மகனின் குரலிற் கேட்டாலும், சொல்லுதல் ஆகாது. அவசரம் என்று பணம் கேட்டு அழைப்பு வருமாயின், குடும்பத்தவர் தமக்குள் முன்னரே பேசிவைத்த ஒரு சொல்லைக் கேட்கலாம். அல்லது வைத்துவிட்டுத் தமக்குத் தெரிந்த இலக்கத்துக்குத் தாமே அழைக்கலாம். அடையாள அட்டையின் பிரதியைக் கொடுக்கும்போது, இன்ன தேவைக்கு, இன்ன தேதியில் என்று அதன் குறுக்கே எழுதிக் கொடுக்கலாம். கடையிற் பிரதி எடுப்பதற்காக வட்ஸ்அப்பில் அனுப்பிய படத்தை, அச்சிட்டு முடிந்ததும் கண்முன்னே அழிக்கச் சொல்வதில் வெட்கம் வேண்டாம். விண்ணப்பப் படிவத்தை நிரப்பும் முறையைப் பள்ளியிற் கற்பிக்கின்றோம். எந்தக் கேள்வியை 'ஏன் கேட்கின்றீர்கள்?' என்று திருப்பிக் கேட்கலாம் என்பதையும் கற்பித்தல் வேண்டும்.

சட்டம் என்ன செய்கின்றது என்ற கேள்வியும் நியாயமானதே. தனிப்பட்ட தரவுகளின் பாதுகாப்புக்காக 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டம் இந்நாட்டில் நிறைவேற்றப்பட்டது. அச்சட்டத்தின் வரைவிலக்கணம் தரவுக்குரிய ஆள் உயிரோடு இருப்பவராகவோ இறந்தவராகவோ இருக்கலாம் என்று கூறுவது குறிப்பிடத்தக்கது. 2018 முதல் நடைமுறையிலுள்ள ஐரோப்பிய ஒழுங்குவிதி இறந்தவரைத் தன் எல்லைக்குள் கொள்ளவில்லை. ஆயினும் 2025 மார்ச்சில் நடைமுறைக்கு வரவிருந்த நமது சட்டத்தின் முக்கிய பகுதிகள் பிற்போடப்பட்டன. முழுமையாக நடைமுறைக்கு வந்தாலும், ஒருவர் தம் வீட்டுத் தேவைக்காக மட்டும் கையாளும் தரவை அது தொடாது. நிறுவனங்களையும் அரசையும் கட்டுப்படுத்தச் சட்டம் வேண்டும். அதற்காக நாம் குரல் எழுப்பவும் வேண்டும். வீட்டுக்குள் எழுதப்படும் வாக்கியத்தைத் திருத்துவது நம் கையில் இருக்கின்றது.

இறுதியாக, இலக்கிய விமர்சனம் என்று தொடங்கிய நாம் இலக்கியக் குறையொன்றையும் சொல்லியாதல் வேண்டும். நாற்பது பெயர்களைச் சொல்லும் இவ்வறிவித்தல் இறந்தவரைப் பற்றி ஒன்றுமே சொல்வதில்லை. எண்பது ஆண்டுகள் வாழ்ந்த ஒரு பெண் அதில் மகளாக, மனைவியாக, தாயாக, மாமியாக வருகின்றாள். அவளாக எங்கும் வருவதில்லை. செம்மண் தோட்டத்தில் வெங்காயம் நட்டவள், போர்க்காலத்திற் பிள்ளைகளைப் பதுங்குகுழிக்குள் இழுத்துச் சென்றவள், இடம்பெயர்ந்த இடத்திலும் அயலவருக்குச் சோறு போட்டவள் என்று ஒரு வரி கிடையாது. உறவினரின் நாடுகள் நிரம்பிய இடத்தில் அவளுடைய உழைப்புக்கு இடமில்லாமற் போயிற்று.

அந்த நாற்பது பெயர்களுக்குப் பதிலாக அவள் வாழ்ந்த வாழ்வைப் பற்றி நாலு வரி எழுதினால், ஏமாற்றுக்காரனுக்கு அதிற் பயன்படக்கூடியது ஏதும் இராது; அவளை அறிந்தவருக்கோ அது போதும். அடுத்த அறிவித்தலை எழுத அமரும் வாசகர்கள், பெயர்களைக் கோக்குமுன் அந்த நாலு வரிகளை எழுதிப் பார்க்க வேண்டும் என்பதே நமது கோரிக்கை.